கறுப்பு உடைப் பாட்டியும் பத்து லட்சம் ஏக்கரும்

கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து 77ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குகிற தமிழருக்கு டெக்சாஸ் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. சாலையின் இருமருங்கிலும் மண்டிக்கிடக்கும் மெஸ்கீட் முள்மரம், நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி. அதே முள், அதே சிறு இலை, மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிற அதே கதை. வேலிக்கு அப்பால் மேயும் அடர்சிவப்பு மாடுகளை உற்றுப் பார்த்தால் அலைதாடியிலும் தளர்ந்த தோலிலும் இந்திய மாட்டின் சாயல் தெரியும். சாயல் என்பதுகூடக் குறைவு. 1906இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி டெக்சாஸ் வந்த திமில் மாடுகளின் வழிவந்த காளைகளை ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு சேர்த்து இங்கே உருவாக்கிய இனம் அது. சாந்தா கெர்ட்ரூடிஸ் என்று பெயர். 1940இல் அமெரிக்க விவசாயத் துறை அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதிர்ஷ்டம் இருந்தால் புதர் ஓரத்தில் நீலகாய் மானும் கண்ணில் படும். இந்தியக் காட்டு விலங்கான அது, போன நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பண்ணைகளில் விடப்பட்டு இங்கேயே பெருகிவிட்டது.

நுவேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்ட் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளியைக் காட்டுக் குதிரைப் பாலை என்று அழைப்பதுண்டு. மழையை நம்ப முடியாது, மண் பல இடங்களில் வெறும் மணல், ஒரு மாடு பிழைக்கப் பல ஏக்கர் வேண்டும். அதனால்தான் இங்கே பண்ணைக் கணக்கு ஆயிரம் ஏக்கரில் தொடங்கி லட்சத்துக்குப் போகிறது. நஞ்சையை நாலாகப் பிரித்தாலும் நாலு பேரும் நெல் போடலாம். இந்த நிலத்தை நாலாகப் பிரித்தால் வறட்சி ஆண்டில் நாலு பேருமே மாட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். மற்றதையெல்லாம் இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மேற்கின் சிற்றூர்ப் பத்திரிகைகளில் மூத்த பெண்களின் மரணச் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். குடும்பமும் பண்ணையுமே அவருக்கு உலகம். பேரப்பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தார். அவர் கைப்பக்குவம் ஊரறிந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிக் கதைதான் இருக்கிறது. மாட்டுப் பண்ணையில் குடும்பத்தைச் சேர்த்து வைப்பதும் நிலத்தைச் சேர்த்து வைப்பதும் இரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலை என்பது என் வாதம். தாத்தா குதிரையிலிருந்து விழுந்தோ நோயிலோ முன்னதாகப் போய்விட, அந்த வேலை பாட்டி தலையில் விழுந்தது. அவரைப் பாசத்துக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிற குடும்பம், தன் பண்ணை எப்படி நிலைத்தது, அல்லது எப்படிக் கைவிட்டுப் போனது என்கிற கணக்கையும் சேர்த்தே மறந்துவிடுகிறது. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நூறு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்குள் மூன்று பாட்டிமாரின் கதைகள் கிடக்கின்றன. மூன்றுக்கும் முடிவு வேறு.

முதல் நிறுத்தம் கிங்ஸ்வில். ஊரை ஒட்டியிருக்கும் கிங் பண்ணை இன்றைக்கும் சுமார் 8,25,000 ஏக்கர்; ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நிலப்பரப்பைவிடப் பெரியது. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவர் ரிச்சர்ட் கிங். ஆற்றுப் படகின் கேப்டனாக இருந்து, 1853இல் இங்கே முதல் நிலத்தை வாங்கியவர். ஆனால் அவர் பண்ணையை ஆண்ட காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள். அவருடைய மனைவி ஹென்ரியெட்டா விதவையாக அதை வைத்திருந்த காலம் நாற்பது ஆண்டுகள். மிசௌரி மாநிலத்தின் பூன்வில்லில் 1832இல் ஒரு பிரஸ்பிடேரியன் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர், மூன்று வயதில் தாயை இழந்தவர், எல்லை ஊரான பிரௌன்ஸ்வில்லில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியை. 1854 டிசம்பரில் கல்யாணம் முடிந்து சாந்தா கெர்ட்ரூடிஸ் ஓடைக் கரைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த வீடு, குச்சியும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய ஹகால் என்னும் குடிசை. உக்கிராண அறை அவ்வளவு சின்னது என்பதால் பெரிய தட்டுகளை வீட்டின் வெளிச்சுவரில்தான் மாட்டி வைத்திருந்தாராம். பின்னாளில் பெரிய மாளிகைக்குச் சொந்தக்காரியான பிறகும் அந்தக் குடிசையைப் பற்றித்தான் ஆசையாக எழுதினார். பண்ணை 1859இல் பதிவு செய்த முதல் சூட்டுக் குறிகளில் ஒன்று ஹெச்சையும் கேயையும் ஒட்டிப்போட்டது. ஹென்ரியெட்டா கிங் என்பதன் முதலெழுத்துகள். உலகம் அறிந்த வளைந்தோடும் டபிள்யூ குறி பதிவானது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1869இல்தான். மாட்டின் தொடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடுகிற குறி இந்த நாட்டில் சொத்துப் பத்திரத்துக்குச் சமம். அதில் அவர் பெயர் முதலிலிருந்தே இருந்தது.

உள்நாட்டுப் போரின்போது, 1863 டிசம்பரில், வடக்குப் படை பண்ணை வீட்டைத் தாக்கியது. கணவர் முன்னதாகத் தப்பிப் போய்விட்டார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஹென்ரியெட்டா வீட்டில் இருந்தார். காவலுக்கு இருந்த பிரான்சிஸ்கோ அல்வராடோ சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டே மாதத்தில் ஹென்ரியெட்டா வேறொரு ஊரில் மகனைப் பெற்றெடுத்தார். அந்த மகன் 1883இல் நிமோனியாவில் இறந்தான். இரண்டே ஆண்டில், 1885 ஏப்ரலில், சான் அந்தோனியோவில் கணவரும் போனார். விட்டுப்போனது சுமார் 5,00,000 ஏக்கர் நிலமும் சுமார் 5,00,000 டாலர் கடனும். அன்றிலிருந்து சாகும்வரை கறுப்பு உடைதான். படங்களில் பார்க்கிறவருக்கு அது துக்கத்தின் அடையாளமாகத் தெரியும். கடன்காரர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்: கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாத உடை.

அடுத்த பத்து ஆண்டுகளில், அதுவும் கடும் வறட்சிக்கு நடுவே, கடன் அடைந்தது. 1895 வாக்கில் நிலம் சுமார் 6,50,000 ஏக்கராகியிருந்தது. 1899இல் பண்ணையில் ஆர்ட்டீசியன் ஊற்று கிடைத்தது. நிலத்தடி நீர் தானே பொங்கி வந்ததும் இந்தப் பாலையில் ஊர் அமைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. ரயில் பாதைக்காக ஹென்ரியெட்டா பெரும்பரப்பு நிலத்தைக் கொடுத்தார். 1904 ஜூலை 4ஆம் தேதி முதல் ரயில் வந்தது. நிறுத்தத்தைச் சுற்றி எழுந்ததுதான் கிங்ஸ்வில். தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் மனை கொடுத்தவர், ஊரில் விற்ற மனைப் பத்திரங்களில் மது விற்கக் கூடாது என்றொரு நிபந்தனையையும் சேர்த்தார். பாதிரியார் மகளின் பிடிவாதம் என்று அதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. கூலியை வாரக் கடைசியில் சாராயக் கடையில் தொலைக்கிற ஊரில் நல்ல வேலையாள் நிலைக்கமாட்டான் என்பது எந்தப் பண்ணைக்காரருக்கும் தெரிந்ததுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிர்வாகியின் கதை. பாட்டி எங்கே? மகள் ஆலிஸுக்கு 1886இல் கல்யாணம் ஆனபோது, மகளைப் புகுந்த ஊருக்கு அனுப்பிவைக்கவில்லை. மாப்பிள்ளை ராபர்ட் கிளேபர்க்தான் பண்ணைக்கு வந்தார். ஐந்து பேரப்பிள்ளைகளும் பாட்டியின் கூரைக்குக் கீழேயே வளர்ந்தார்கள். அவர்களில் ராபர்ட் கிளேபர்க் ஜூனியர் பாட்டி உயிரோடு இருக்கும்போதே பண்ணைப் பொறுப்புக்கு வந்து, பின்னர் சாந்தா கெர்ட்ரூடிஸ் இனத்தை உருவாக்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் பண்ணையை நடத்தினார். இன்னொரு பேரன் ரிச்சர்ட் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். 1931இல் அவரிடம் செயலாளராக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் லிண்டன் ஜான்சன், பிறகு நாட்டின் ஜனாதிபதி. சாப்பாட்டு மேசையில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டு விலையும் மழைப் பேச்சும் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் அடுத்த நிர்வாகி. பேரனை வளர்த்தது பாசம், பண்ணையை நடத்தியது தொழில் என்று இங்கே எந்த இடத்தில் கோடு போடுவது?

பிரிவினை எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தக் குடும்பத்தைவிட அறிந்தவர் இருக்க முடியாது; ஏனென்றால் அவர்கள் நிலம் சேர்த்ததே மற்றவர்களின் பிரிவினையில்தான். 1853இல் கிங் வாங்கிய முதல் 15,500 ஏக்கர், காமார்கோ ஊரைச் சேர்ந்த ஹுவான் மெந்தியோலாவின் வாரிசுகளுடையது. விலை 300 டாலர். ஏக்கருக்கு இரண்டு செண்டு. ஸ்பானியச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு. நியாயமான சட்டம்தான். ஆனால் இரண்டு தலைமுறை போனதும் ஒரே நிலத்துக்குப் பல பேர் உரிமையாளர்கள். ஆளுக்கொரு திசையில் வாழ்கிறார்கள். எவருக்கும் தன் பங்கை வைத்து மாடு மேய்க்க முடியாது. கையில் காசோடு வருகிறவன் ஒவ்வொரு பங்காக வாங்கிக்கொண்டே போகலாம். ஹென்ரியெட்டா 1925 மார்ச் 31 அன்று 92 வயதில் இறந்தபோது பண்ணை பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. அவருடைய உயில் அதை உடனே பங்கிடவில்லை. பத்து ஆண்டுகள் அறங்காவலர் பொறுப்பில் வைத்தது. அந்த இடைவெளிக்குள் 1934இல் பண்ணையின் மையப் பகுதி ஒரு நிறுவனமாக மாறி, குடும்பத்தினர் நிலத்துக்குப் பதில் பங்குகளுக்கு உரிமையாளர் ஆனார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். சில கிளைகள் தங்கள் நிலத்தோடு பிரிந்தன. ஒரு கிளை நீதிமன்றம் போனது. என்றாலும் மையம் உடையவில்லை.

இதற்கு உடனே வருகிற மறுப்பு: வேலையெல்லாம் மாப்பிள்ளை செய்தது, பாட்டிக்கு எதற்கு மாலை? ராபர்ட் கிளேபர்க் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஊற்றுத் தோண்டியதும் மாட்டு உண்ணியை ஒழிக்கப் போராடியதும் ரயில் கம்பெனியோடு பேசியதும் அவர்தான். ஹென்ரியெட்டாவும் வயது ஏற ஏற அதிகாரத்தை மெல்ல மெல்ல அவரிடம் ஒப்படைத்துக்கொண்டே போனார். ஆனால் ஒப்படைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். நிலம் அவர் பெயரில் இருந்தது; கணவரின் உயில் எல்லாவற்றையும் அவருக்கே விட்டிருந்தது. முப்பது வயதுகளில் இருந்த ஒரு வழக்கறிஞரைத் தேர்ந்து, மகளைக் கொடுத்து, நாற்பது ஆண்டுகள் அவரைக் கைவிடாமலும் அவரிடம் உரிமையைக் கைமாற்றாமலும் வைத்திருந்ததுதான் முடிவெடுக்கும் கலை. ஒரு கம்பெனியின் தலைவர் நல்ல மேலாளரை அமர்த்தினால் தலைவரைப் புகழ்கிறோம். விதவை அதையே செய்தால் மேலாளரைப் புகழ்கிறோம்.

சட்டம் இடம் கொடுத்ததால்தான் ஹென்ரியெட்டாவால் இதைச் செய்ய முடிந்தது. டெக்சாஸ் ஸ்பானிய வழக்கிலிருந்து ஒரு நல்லதை எடுத்து வைத்துக்கொண்டது: தாம்பத்தியக் காலத்தில் சேர்த்த சொத்தில் மனைவிக்கு நேர் பாதி. ஆங்கிலேயச் சட்ட வழிவந்த பல மாநிலங்களில் கதை வேறு. நெப்ராஸ்காவிலோ கான்சாஸிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலும் பண்ணை இருந்தாலும், கணவர் இறந்தால் கூட்டாட்சி வாரிசு வரிக்காக முழுப் பண்ணையும் கணவருடையதாகவே கணக்கிடப்பட்டது. தன் பங்குக்குத் தானும் பணம் போட்டதை மனைவி நிரூபித்தால் மட்டும் கழிவு. கன்று ஈனும் பருவத்தில் இரவெல்லாம் தொழுவத்தில் கண்விழித்ததற்கும், வைக்கோல் கட்டும் ஆட்களுக்கு மூன்று வேளை சமைத்ததற்கும், நாற்பது ஆண்டு கணக்குப் புத்தகம் எழுதியதற்கும் ரசீது ஏது? வரி கட்டவே நிலத்தை விற்றவர்கள் உண்டு. 1970களில் பண்ணைப் பெண்கள் இதை விதவை வரி என்று சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 1976இல் ஓரளவும் 1981இல் முழுமையாகவும் சட்டம் மாறியது. மக்கள்தொகைக் கணக்கைப் போல விவசாயத்துக்கும் அங்கே கணக்கெடுப்பு உண்டு. 2002க்கு முன்பு அதில் ஒரு பண்ணைக்கு ஒரே ஒருவரைத்தான் நடத்துகிறவராக எழுதலாம். அந்த ஒருவர் யாராக இருந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 2002இல் மூன்று பேர் வரை எழுதலாம் என்றார்கள், 2017இல் நான்கு பேர் வரை என்றதோடு யார் யார் முடிவெடுக்கிறார்கள் என்றும் விரிவாகக் கேட்டார்கள். அந்த 2017 கணக்கில் பெண்கள் 36 சதவீதம். ஒரே நாளில் அத்தனை பெண்கள் மாடு வளர்க்க வந்துவிடவில்லை, கேள்வித்தாளில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. இந்தப் பாட்டியைப் புகழ்வது, அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதை மறைப்பது அல்லவா? 1848 ஒப்பந்தத்தால் இந்தப் பகுதி மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அதற்குப் பிறகான அறுபது எழுபது ஆண்டுகளில், வழக்குச் செலவாலும் வறட்சியாலும் மிரட்டலாலும் வன்முறையாலும் ஸ்பானிய மொழி பேசும் தெஹானோ குடும்பங்களின் நிலம் ஆங்கிலேயர் வழிவந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1915இல் கிங் பண்ணையின் நோரியாஸ் பகுதி தாக்கப்பட்டது. அங்கே கொல்லப்பட்டவர்களில் ஒருவர் மனுவேலா புளோரெஸ் என்ற மெக்சிகப் பெண். அந்த ஆண்டில் டெக்சாஸ் ரேஞ்சர்களும் ஆயுதம் ஏந்திய கும்பல்களும் விசாரணையின்றிக் கொன்ற மெக்சிக வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் என்பது வரலாற்றாளர் கணிப்பு. 1919இல் மாநிலச் சட்டமன்றமே அதை விசாரித்தது. பண்ணைக்குள்ளும் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லை. 1850களில் மெக்சிகோவின் க்ரூயியாஸ் கிராமம் வறட்சியில் தவித்தபோது அவர்களுடைய மாடுகளை வாங்கிய கிங், மக்களையும் அழைத்து வந்து குடியமர்த்தினார். கினேன்யோஸ் என்று பெயர் பெற்ற அவர்களுடைய வழிவந்த வக்கேரோக்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்தப் பண்ணையின் மாட்டை மேய்த்தார்கள். ஹென்ரியெட்டாவின் சவ ஊர்வலத்தில் சுமார் 200 வக்கேரோக்கள் குதிரையில் வந்து, கல்லறைக் குழியை ஒவ்வொருவராக ஒரு சுற்றுச் சுற்றி மரியாதை செய்தார்கள். அவர்கள் காட்டிய மரியாதை உண்மையானது என்றே நம்புகிறேன். அவர்களில் யாருக்கும் பத்து லட்சம் ஏக்கரில் பங்கு இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதை இன்னும் தூரம் இழுத்துப் போகிறது. வேலையாகவும் உரிமையாகவும் பாட்டியை நினைத்தால்தான் இந்தக் கேள்வியே எழும். கைப்பக்குவமும் கதை சொல்லும் மடியும் மட்டும் நினைவில் இருந்தால், எந்தப் பாட்டியும் யாருக்கும் கடன்பட்டவராகத் தெரியமாட்டார். கினேன்யோ குடும்பங்களின் நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து 1997இல் வந்த ஒரு நூலில் வக்கேரோக்களோடு அவர்களுடைய பெண்களும் பேசுகிறார்கள். துவைத்தது, சமைத்தது, பிரசவம் பார்த்தது, பிள்ளைகளைப் பண்ணைப் பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் வேலைக் கணக்காகவே அங்கே வருகிறது. மாளிகைப் பாட்டியின் நாற்பது ஆண்டு ஆட்சிக்குக் கீழே, குடியிருப்புப் பாட்டிகளின் கூலி எழுதப்படாத நாற்பது ஆண்டும் இருந்தது. ஒன்றைக் கணக்கில் எடுத்தால் மற்றதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கிங்ஸ்வில்லுக்குத் தெற்கே அரை மணி நேரப் பயணத்தில் சரீட்டா. மாவட்டத் தலைமையிடம் என்று பெயர். மொத்தக் கென்னடி மாவட்டத்திலும் 2020 கணக்கெடுப்பில் சுமார் 350 பேர். (ஜனாதிபதி கென்னடிக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) இங்கே வேர்ப்பாட்டி, மெக்சிகோவின் மியெர் நகரத்தில் பிறந்த பெத்ரா வேலா. முதல் உறவில் பிறந்த பிள்ளைகளோடு வந்து, கிங்கின் கூட்டாளியான மிஃப்லின் கென்னடியை மணந்தவர். எல்லைச் சீமையின் பழைய குடும்பங்களோடு கென்னடிக்கு உறவுப் பாலமாக இருந்தவர். 1885இல் இறந்தார். அவருடைய பேத்தி சரீட்டாவின் பெயர்தான் ஊருக்கு. கணவரை இழந்து, சகோதரனும் பிள்ளையின்றி இறந்து, தனக்கும் பிள்ளை இல்லாமல், சுமார் 4,00,000 ஏக்கர் லா பார்ரா பண்ணையை ஆண்ட கென்னடி வழியின் கடைசி ஆளாக அவர் 1961இல் இறந்தார். பண்ணையைப் பிரியத்தோடும் கண்டிப்போடும் நடத்தியவர்தான். நிர்வாகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டியாக ஆகவில்லை, அதுதான் வித்தியாசம். அவருடைய சொத்து அறக்கட்டளைக்குப் போனது. தூரத்து உறவினர்கள், மதத் துறவிகள், பெத்ராவின் முதல் உறவின் வழிவந்தவர்கள் என்று ஆளாளுக்கு வழக்குப் போட்டு இருபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. அறக்கட்டளை நல்ல காரியங்களுக்குத்தான் செலவழிக்கிறது, பெரிய வீடு இன்று பிரார்த்தனை மையம். ஆனால் அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, நிலத்துக்கு உரிமை பேசுகிற குடும்பம் கிடையாது. பாட்டி என்ற இடம் காலியானால் அதை நிரப்ப எத்தனை வக்கீல்கள் வேண்டியிருக்கிறது என்பதற்கு இந்த ஊர் உதாரணம்.

கணக்குப் புத்தகத்தோடு பாட்டியை நினைப்பது ஈரமற்ற வேலை என்று யாராவது சொல்லலாம். பேரப்பிள்ளைக்கு வேண்டியது வாசம், குரல், கையின் சூடு. பத்திரமும் உயிலும் வக்கீலுக்குத்தானே? வாசத்தை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வாசத்துக்கு ஆயுள் ஒரு தலைமுறை. பாட்டியைத் தொட்டுப் பார்த்த கடைசிப் பேரனோடு அது போய்விடும். அதற்குப் பிறகும் நிற்பது எழுத்தில் இருப்பது மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ள ரியோ கிராண்ட் வரை போக வேண்டும்.

அங்கே, கிங் பிறப்பதற்கும் முன்பே, பண்ணை ஆண்ட ஒரு பாட்டி இருந்தார். ரோசா மரியா ஹினோஹோசா தெ பாயீ. 1752இல் பிறந்தவர். தந்தையும் கணவரும் ஸ்பானிய அரசிடம் கேட்ட நிலமானியம் கைக்கு வருவதற்குள் இருவருமே இறந்துபோனார்கள். அவருக்குக் கிடைத்தது லா ஃபெரியாவின் பன்னிரண்டு லீக் நிலம், சுமார் 55,000 ஏக்கர், தலைக்கு மேல் கடனோடு. கடன் கழிந்தது, நிலமும் மாடும் பெருகின, 1803இல் இறந்தபோது இன்றைய ஐந்து மாவட்டங்களில் பரவிய பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் அவருக்குச் சொந்தம். ஹென்ரியெட்டாவின் கதையைப் படித்துவிட்டு இதைப் படிக்கிறவருக்கு மயிர்க்கூச்செறியும்: அதே விதவை நிலை, அதே கடன், அதே பத்து லட்சம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னால். ஆனால் சரி பங்குச் சட்டமும் எல்லை மாற்றமும் சேர்ந்துகொண்டன. பேரன் பேத்திகளின் காலத்திலேயே நிலம் சிதறத் தொடங்கியது. கடலோரத்தில் நூறு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் மணல் தீவு, அவருடைய பாதிரியார் மகன் நிக்கோலாஸுக்கும் பேரன் ஹுவான் ஹோசேவுக்கும் 1829இல் மானியமாக உறுதியானது. அந்தத் தீவின் மீது வாரிசுகளுக்கு இருந்த உரிமைகளை 1938இல் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் வாங்கினார். எண்ணெய், எரிவாயு வருமானத்தில் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று பாயீ வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். ஞானஸ்நானப் பதிவேடு, வம்சாவளி, பத்திரம் என்று பாட்டியின் வழியை ஆவணமாக மெய்ப்பித்தார்கள். 2000இல் பிரௌன்ஸ்வில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2008இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது என்பதே காரணம்.

தீவு இன்று உல்லாசப் பயணிகளின் கடற்கரை. பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பாதிரியார் பாயீயின் சிலையைப் பார்க்கலாம். பாத்ரே தீவு என்ற பெயரும் அவரால் வந்ததுதான். கடனோடு வந்த நிலத்தைப் பத்து லட்சம் ஏக்கராக்கிய அவருடைய தாயைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் கடற்கரைக்குப் போய்ப் பயனில்லை. பழைய மானியப் பத்திரங்கள் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.